மதுரை டிராஃபிக்கில் ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸைக் காலி செய்வது எது?

வில்லாபுரத்தான்

வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதுவரை கிளட்ச் வண்டிதான் ஓட்டினேன். வில்லாபுரத்தில் இருந்து சிம்மக்கல், கோரிப்பாளையம் வழியாகத் தல்லாகுளம் வரை தினமும் போய் வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அந்த வழி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மாமனார் சிக்னலுக்குச் சிக்னல் நியூட்ரல் போடச் சொல்கிறார். காரைப் பிடித்துக் கொடுத்த புரோக்கர், டிரைவிலேயே விடுங்கள், அதற்குத்தானே ஆட்டோமேட்டிக் என்கிறார். கியர்பாக்ஸ் போனால் லட்சத்தில் செலவு என்று ஆபீசில் வேறு பயமுறுத்துகிறார்கள். எந்தப் பழக்கம்தான் இதைக் கெடுக்கும்?

பைபாஸ் பாண்டி

மாமனார் சொன்னால் நியூட்ரல்தான். கியர்பாக்ஸையாவது மாற்றிக்கொள்ளலாம்.

ரிட்டயர்டு இன்ஜினியர்

தம்பி, மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிரைவில் வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்து நின்றால், எஞ்சின் ஒரு பக்கம் தள்ளும், பிரேக் மறு பக்கம் பிடிக்கும். நடுவில் இருக்கிற எண்ணெய்தான் அரைபட்டுச் சூடாகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குச் சூடுதான் முதல் எதிரி. நியூட்ரல் போட்டுப் பழகுங்கள்.

ஒத்தக்கடை மெக்கானிக்

சூடுதான் எதிரி என்று சார் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சிக்னலில் டிரைவில் நிற்பதால் வருகிற சூடு பெரிய சூடு இல்லை. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது உண்டாகிற வெப்பத்தை ஆயில் கூலர் சாதாரணமாகச் சமாளித்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நியூட்ரல், டிரைவ், நியூட்ரல் என்று மாற்றினால் உள்ளே இருக்கிற கிளட்ச் பிளேட்டுகள் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். அதுவும் தேய்மானம்தான். ரயில்வே கேட் போட்டிருக்கிறான், நாலைந்து நிமிடம் ஆகும் என்றால் நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். மற்றபடி பிரேக்கை நன்றாக மிதித்து டிரைவிலேயே நில்லுங்கள்.

இந்த நியூட்ரல் சண்டையை எல்லோரும் போடுகிறார்கள். இதனால் போன கியர்பாக்ஸை நான் பார்த்ததில்லை. போவதெல்லாம் வேறு காரணங்களால்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்? நம் ஊரில் ஓடுவது நாலு வகை. டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய, கெட்டியான வகை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் விசையைக் கடத்தும். சிவிடியில் பல்சக்கர கியர்களுக்குப் பதிலாக இரண்டு புல்லி, நடுவில் ஒரு இரும்பு பெல்ட். டிசிடியில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதித்து கியரை மாற்றும் வேலையை மட்டும் கம்ப்யூட்டர் செய்கிறது. ஒன்றைக் கெடுக்கிற பழக்கம் இன்னொன்றை ஒன்றுமே செய்யாது. இது தெரியாமல் ஆலோசனை கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்லத்தான் செய்வார்கள்.

வில்லாபுரத்தான்

அண்ணே, வண்டி 2017 மாடல் சின்ன கார். லீவரில் ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், மேனுவல் நாலும் இருக்கிறது. பார்க்கிங் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஒத்தக்கடை மெக்கானிக்

அப்படியென்றால் ஏஎம்டி. கவலையை விடுங்கள், லட்சக்கணக்குச் செலவு என்ற பயம் உங்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது. 2014-ல் செலேரியோவில் வந்ததில் இருந்து இந்தியாவில் அதிகம் பரவியது இந்த வகைதான்.

இதில் தேய்வது கிளட்ச் பிளேட். கியர் வண்டியில் இருக்கிற அதே உலர்ந்த பிளேட். ஆகவே அதைக் கருக்குகிற பழக்கமும் அதேதான்: மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைப்பது. ஏதாவது பாலத்தில் ஏறும்போது முன்வண்டி நின்றுவிட்டது என்று வையுங்கள். நிறைய பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். கியர் வண்டியில் ஹாஃப் கிளட்சில் நின்றால் காலுக்கே தெரியும். இதில் கால் வலிக்காது, அதனால் செய்கிற தப்பு தெரிவதில்லை. மூக்கில் கருகிய வாடை வரும்போதுதான் தெரியும். மேட்டில் பிரேக்தான். கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்கிற ஹில் அசிஸ்ட் இல்லை என்றால் ஹேண்ட் பிரேக்.

இன்னொன்று, ஊர்ந்து போகிற டிராஃபிக்கில் முன்வண்டி ஒரு அடி நகர்ந்தால் நாமும் ஒரு அடி நகர்வது. ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, அது திறந்ததும் ஒரே தடவையாகப் போய் நில்லுங்கள். கிளட்ச் முழுசாகப் பிடித்து ஓடினால் தேயாது. பாதி பிடித்து வழுக்கும்போதுதான் தேயும்.

நிறுத்தும்போது மேடாக இருந்தால் டிரைவிலும், இறக்கமாக இருந்தால் ரிவர்ஸிலும் விட்டு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். பார்க்கிங் இல்லாததற்கு அதுதான் வழி.

பைபாஸ் பாண்டி

கார் நீளம் இடைவெளி விட்டால் அதற்குள் இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு புல்லட், ஒரு பால்காரர் வந்து நிற்பார்கள். எங்கள் காளவாசலுக்கு ஒருநாள் வந்து விட்டுப் பாருங்கள்.

ஒத்தக்கடை மெக்கானிக்

வரட்டும். அவர்களுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். கிளட்ச் செட் விலையை விட அது மலிவு.

நரிமேடு நித்யா

எங்களுடையது டிசிடி. பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு, கடைக்கு என்று தெற்குமாசி வீதிக்குள் போய் மாட்டிக்கொண்டால், திரையில் டிரான்ஸ்மிஷன் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் பக்கம் கேட்கவே வேண்டாம். இது கோளாறா, நான் ஓட்டுகிற விதமா?

ஒத்தக்கடை மெக்கானிக்

உங்களுடையது உலர் கிளட்ச் டிசிடி என்று நினைக்கிறேன் மேடம். நாலு வகையில் நம் மாசி வீதிகளுக்குக் கொஞ்சமும் ஆகாதது இதுதான். பிரேக்கை முழுசாக விடாமல் பாதி அழுத்தி நடை வேகத்தில் ஊர்ந்தால், முதல் கியர் கிளட்ச் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் எண்ணெய் இல்லாததால் அந்தச் சூடு சீக்கிரம் வெளியேறாது. ஈர கிளட்ச் டிசிடியும் இருக்கிறது. அதில் எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதற்குப் பதில் எண்ணெயை வேளைக்கு மாற்ற வேண்டும்.

பிரேக்கை முழுசாக மிதித்தால் கிளட்ச் விலகிவிடும். அதனால் நகர்ந்தால் நகருங்கள், நின்றால் நன்றாக மிதித்து நில்லுங்கள். நடுவில் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்து வைக்கிற ஆட்டோ ஹோல்டு பட்டன் இருந்தால் போட்டுவிடுங்கள். அந்த எச்சரிக்கை வந்துவிட்டால் ஓரங்கட்டி, பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் அது மறைகிற வரை நிற்க வேண்டும். ஹாரன் அடிக்கிறார்களே என்று ஓட்டாதீர்கள்.

அடிக்கடி வந்தால் ஸ்கேனரில் கிளட்ச் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. ஓட்டுகிற விதம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

கள்ளிக்குடி கரிசல்

டவுன்காரர்கள் டிராஃபிக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆட்டோமேட்டிக் சாவது வேறு விதம். ஆடி மாதமும் மாசி மாதமும் குலதெய்வம் கும்பிட வெளியூரில் இருந்து கார்கள் வரும். அரிசி மூட்டை, அண்டா, ஆடு, ஐந்து பேர் உட்காருகிற வண்டியில் எட்டுப் பேர். கோயில் காட்டுக்குள் இருக்கும். முந்தின நாள் ஒரு மழை பெய்திருந்தால் போதும், கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே என்ன செய்வார்கள்? டிரைவில் ஒரு மிதி, ரிவர்ஸில் ஒரு மிதி, டிரைவில் ஒரு மிதி. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது லீவரை மாற்றுவார்கள். மீட்டரில் ஐம்பது கிலோமீட்டர் வேகம் காட்டும், வண்டி அதே இடத்தில்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு தீய்ந்த வாடை வரும் பாருங்கள்.

எங்கள் ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும், ஆடி வெள்ளியில் எத்தனை கார் இழுக்கிறார்கள் என்று.

ஒத்தக்கடை மெக்கானிக்

கரிசல் சொன்னதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். தினசரி சிக்னலில் பல வருடத்தில் ஆகாத தேய்மானம் அந்தச் சேற்றில் கால் மணி நேரத்தில் ஆகிவிடும்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் சக்கரம் நகராமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சக்தி அத்தனையும் எண்ணெயைச் சூடாக்குவதில்தான் போகும். பட்டறையில் ஸ்டால் டெஸ்ட் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்து பார்ப்போம். அதைக்கூட ஐந்து நொடிக்கு மேல் செய்யக் கூடாது. சக்கரம் சுற்றும்போது ரிவர்ஸுக்கு மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றுவதை நிறுத்துகிற வேலை முழுக்க உள்ளே இருக்கிற கிளட்ச் பிளேட்டுகளின் தலையில் விழும். சிவிடிக்கு இன்னும் ஆபத்து. வழுக்கிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும்போது அந்த அதிர்ச்சி பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நேராகப் போகும். புல்லியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அப்புறம் அது பெல்ட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

மாட்டினால் இரண்டு தடவை மெதுவாக முயற்சி செய்யுங்கள். வரவில்லையா, எல்லோரும் இறங்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டி, கல்லோ ஓலையோ கால்மிதியோ போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் டிராக்டர்தான்.

இதே தப்பின் சின்ன வடிவம் வீட்டு வாசலிலும் நடக்கிறது. ரிவர்ஸ் எடுத்து, வண்டி முழுசாக நிற்பதற்குள் டிரைவுக்குத் தள்ளுவது. ஒரு நொடி பொறுத்தால் என்ன?

பைபாஸ் பாண்டி

நத்தம் ரோடு பாலத்தில் ராத்திரி சில பையன்கள் நியூட்ரலில் வைத்து எஞ்சினை உறும விட்டு, அப்படியே டிரைவில் போட்டுக் கிளம்புகிறார்கள். ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலம் அல்லவா, நேராகக் கிடக்கிறது என்று.

ஒத்தக்கடை மெக்கானிக்

அவர்களால்தான் எங்கள் பட்டறையில் விளக்கு எரிகிறது.

ரிட்டயர்டு இன்ஜினியர்

நியூட்ரல் விஷயத்தில் மெக்கானிக் தம்பி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மதுரைக்கே உரிய ஒரு காரணத்தை யாரும் சொல்லவில்லை: தண்ணீர்.

பெரும்பாலான டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் ரேடியேட்டரோடு சேர்ந்துதான் இருக்கும். ரேடியேட்டர் நன்றாக இருந்தால் கியர்பாக்ஸும் பிழைக்கும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கூலன்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வாளியில் வெள்ளையாகப் படிகிற உப்பு ரேடியேட்டரில் படியாதா? உள்ளே அடைத்துக்கொண்டால் எஞ்சின் முள் கொஞ்சம்தான் ஏறும், பெரிதாகத் தெரியாது. கியர் ஆயில் அதற்கு முன்பே கொதித்துக்கொண்டிருக்கும். ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி வரை அதற்குச் சாதாரணம். 120-ஐத் தாண்டிய பிறகு அது கெடுகிற வேகம் மிக அதிகம்.

அதைவிட மோசமானது, துருப்பிடித்து உள் குழாயில் ஓட்டை விழுந்து கூலன்டும் கியர் ஆயிலும் கலப்பது. ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வரும். அப்படி வந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக்கூடாது. தண்ணீர் பட்டால் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும்.

கூலன்ட் வாங்கி ஊற்றுங்கள். கலக்கிற வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர். கத்திரி வெயிலுக்கு முன்னால் ரேடியேட்டர் முன்பக்கம் படிந்த தூசியையும் பூச்சியையும் கழுவிவிடுங்கள்.

மாட்டுத்தாவணி மாப்ள

என் வண்டி சிவிடி. சர்வீஸ் சென்டரில் கேட்டால் கியர் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார்கள். வெளியே கேட்டால் உடனே மாற்று என்கிறார்கள். யாரை நம்புவது?

ஒத்தக்கடை மெக்கானிக்

உங்கள் காரோடு வந்த கையேட்டை நம்புங்கள் மாப்ள. அதில் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டம், இன்னொன்று கடுமையான ஓட்டம். நிறைய பேர் முதல் பட்டியலோடு மூடிவிடுகிறார்கள். இரண்டாவதில் கடுமை என்று எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? சில கொரிய கம்பெனிக் கார்களின் கையேட்டில், 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலான டிராஃபிக்கில் ஓட்டுவது, தூசி ரோடு, மலை ரோடு, அடிக்கடி குறைந்த தூரம் என்று போட்டிருக்கும். மதுரையில் 32 டிகிரி என்பது நமக்குக் குளிர்காலம். ஆக நாம் எல்லோரும் கடுமைக்காரர்கள்தான். சிவிடியோ டார்க் கன்வெர்ட்டரோ, வேறு எதுவும் போடவில்லை என்றால் நான் 40,000-ல் இருந்து 60,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வேன்.

மாற்றும்போது எந்த ஆயில் என்பது எப்போது என்பதை விட முக்கியம். சிவிடிக்கு அதற்கென்று உள்ள ஆயில்தான். சிவப்பாக இருக்கிறதே என்று ஏடிஎஃப் எனப்படும் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றினால் பெல்ட் பிடிப்பு போய்விடும். அப்புறம், கீழே போல்ட்டைத் திறந்து வடித்தால் எல்லா ஆயிலும் வராது; பாதிக்கும் குறைவாகவே வரும் வண்டிகள் உண்டு, மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். புது வண்டிகள் பலவற்றில் ஆயில் லெவல் பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கும் இருக்காது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பக்கவாட்டுப் பிளக்கைத் திறந்துதான் லெவல் பார்க்க வேண்டும். இது தெரியாத இடத்தில் விடாதீர்கள். லெவல் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் போய்விடும், பிளேட் வழுக்கும். அதிகமானாலும் நுரைத்துக்கொண்டு அதே கதைதான்.

கியர் விழும்போது குலுக்குகிறது என்றவுடன் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருந்தாலும் அதே குலுக்கல் வரும். ஏஎம்டி, டிசிடி இரண்டிலும் பேட்டரி வீக்காக இருந்தாலே கம்ப்யூட்டர் தாறுமாறாக நடந்துகொள்ளும். சின்னச் செலவை முதலில் பார்த்துவிட வேண்டும்.

காட்ரோடு டிரைவர்

வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் மலை ஏற்றம் பற்றி மட்டும். மதுரையில் இருந்து கொடைக்கானல் 120 கி.மீ. சொச்சம், காட்ரோட்டில் தொடங்கினால் ஏழாயிரம் அடி வரை ஏற்றம்தான். சிறுமலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள் டிரைவில் போட்டுவிட்டு அது பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அதுவோ மூன்றா நாலா என்று தெரியாமல் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாற்றமும் சூடு. ஏறும்போது மேனுவலுக்கோ ஸ்போர்ட்டுக்கோ மாற்றி ஒரு கீழ் கியரில் பிடித்து ஏறுங்கள். எஞ்சின் சத்தம் கூடும், பரவாயில்லை.

இறங்கும்போது நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற மகான்கள் இருக்கிறார்கள். எஞ்சின் பிடிப்பு இருக்காது, பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும், டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் பம்பும் ஐடிலிங் வேகத்தில்தான் ஓடும். மிச்சம் எதுவும் கிடையாது. கியரில் விட்டு ஆக்சிலேட்டரை எடுத்தால் இப்போதைய வண்டிகள் எரிபொருளைத் தானே நிறுத்திவிடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

வியூ பாயிண்டில் நிறுத்தும்போது முதலில் பிரேக், அடுத்து நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை மெதுவாக விட்டு வண்டி உட்கார்ந்த பிறகு பார்க்கிங். நேராகப் பார்க்கிங்கில் தள்ளிவிட்டால் மொத்தப் பாரத்தையும் உள்ளே ஒரு சின்ன இரும்புக் கொக்கி தாங்கும். எடுக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள்.

பைபாஸ் பாண்டி

இத்தனை தொல்லைக்கு மின்சாரக் கார் வாங்கிவிடலாம். கியரே கிடையாது.

ரிட்டயர்டு இன்ஜினியர்

ஒரே ஒரு கியர் உண்டு தம்பி. அதற்கும் எண்ணெய் உண்டு. அது வேறு இழையில் பேசலாம்.

நரிமேடு நித்யா

மெக்கானிக் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி நகர்ந்தால் நகர், நின்றால் நில் என்று ஓட்டுகிறேன். எச்சரிக்கை இப்போது வரவில்லை, ஸ்கேனரிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வேறொரு சந்தேகம். மழை நாளில் மணிநகரம் கர்டர் பாலத்துக்குக் கீழே தண்ணீர் நின்றால் ஓட்டலாமா? வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

ஒத்தக்கடை மெக்கானிக்

ஓட்ட வேண்டாம். சுற்றிப் போங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கியர்பாக்ஸுக்கும் மூச்சு விடுவதற்கு மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடாக இருக்கிற பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல், எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களும் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் எத்தனை வண்டி தண்ணீரில் நின்றது என்று ஊருக்கே தெரியும்.

கயிறு கட்டி இழுப்பது கூடாது. எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் ஓடாது. ஆனால் சக்கரம் சுற்றினால் உள்ளே பாகங்கள் சுற்றும், எண்ணெய் இல்லாமல் உரசும். நியூட்ரலில் போட்டாலும் அப்படித்தான். எஞ்சின் முன்சக்கரத்தைச் சுற்றுகிற வண்டி என்றால் முன்சக்கரம் தரையில் படாமல் தூக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை முழுசாக ஏற்றிப் போகிற தட்டு லாரி. காப்பீட்டில் சாலை உதவி இருந்தால் போன் செய்யும்போதே ஆட்டோமேட்டிக் வண்டி, தட்டு லாரிதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கொக்கி வண்டியை அனுப்பிவிடுவார்கள்.

வில்லாபுரத்தான் தம்பிக்கு மட்டும் இதில் கொஞ்சம் சலுகை. ஏஎம்டியை நியூட்ரலில் போட்டு மெதுவாக இழுக்கலாம், கியர் வண்டி மாதிரியே. லீவர் நியூட்ரலுக்கு உண்மையிலேயே வந்துவிட்டதா என்று மட்டும் வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறந்திருந்தால் லீவர் நகரும், உள்ளே கியர் நகராது.